நான் உருட்டாத பகடை

நீங்கள் நம்பினாலும் சரி, மண்டை பிழைத்தவளின் கதை என்று விட்டாலும் சரி. நான் பிள்ளையாரைக் கும்பிடுகிறவள், வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிறவள், ஆனால் பேய், முனி என்று யாரும் வந்து சொன்னால் சிரித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகிறவள். சண்டைக்குள்ளால் நடந்து வந்த எங்களுக்குப் பேய் ஒரு பயமா என்று நானே பல பேரிடம் கேட்டிருக்கிறேன். இப்போது கேட்பதில்லை.

என் தம்பி சிவனேசன் கடைசிச் சண்டை நேரத்தில் காயக்காரரைத் தூக்கப் போனவன், திரும்பவில்லை. இருக்கிறானா இல்லையா, தெரியாது. அதனால் அவன் படத்துக்கு நான் மாலை போட்டதில்லை, சந்தனப் பொட்டு வைத்ததில்லை. போட்டால் அவன் செத்துவிட்டான் என்று நானே சொன்ன மாதிரி ஆகிவிடும். இத்தனை வருடமும் மறுத்தேன். அவன் ஆத்மா அலையக் கூடாது என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பச் சொல்ல, கடைசியில் தலையாட்டினேன். நாள் குறித்து, கீரிமலைக் கடற்கரைக்குப் போய் அந்தியேட்டிக் கிரியை செய்வதென்று ஐயருக்கும் வாடகை வானுக்கும் சொல்லியாயிற்று.

அதற்கு முதல்நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வவுனியாவில் கம்பசில் படிக்கும் என் மகள் கார்த்திகாவும் லீவுக்குக் கூட வந்த இரண்டு தோழிகளும் விறாந்தையில் ஒரு விளையாட்டுக்கு இருந்தார்கள். பலகை இல்லை, சீட்டு இல்லை. ஒருத்தி கதை சொல்ல, மற்றவர்கள் கதைக்குள் ஆட்களாக நின்று என்ன செய்வது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் பேய் பிசாசைப் பிடிக்கிற இரகசிய உத்தியோகத்தர்களாம். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள ஒரு சிவப்புப் பகடை சொல்லுமாம்.

"பேய் பிடிக்கிறது அரசாங்க உத்தியோகமோ? பென்சனும் இருக்கோ பிள்ளை?" என்றார் இவர், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி.

"ஓம் அங்கிள். ஆனா பென்சன் எடுக்கிற வயசு வரைக்கும் ஒருத்தரும் தப்புறேல்லை," என்றாள் கதை சொல்லும் தோழி நிரோஜா.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பிறகு அவள் குசினி வாசலில் இருந்த என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, எங்களுக்கு முதல் போன ஒரு உத்தியோகத்தர் நிலத்துக்குக் கீழ ஒரு அறைக்குள்ள காணாமல் போயிட்டார். அவருக்கு ஒரு பேர் சொல்லுங்கோ. பேர் குடுக்கிற ஆள்தான் கடைசியில பகடை உருட்ட வேணும். பத்துக்கு மேல விழுந்தா ஆள் உயிரோட வருவார்."

காலையில் இருந்து ஐயருக்குக் கொடுக்கப் பேரும் நட்சத்திரமும் எழுதி எழுதி, அந்த ஒரு பேர்தான் என் நாக்கில் நின்றது. வெங்காயம் உரித்தபடி, "சிவனேசன்" என்றுவிட்டேன்.

"அம்மா, மாமான்ர பேரையோ குடுத்தனீங்கள்?" என்று மகள் மெல்லக் கேட்டாள்.

மாற்றச் சொல்ல வாயெடுத்தேன். நிரோஜா எழுதி முடித்திருந்தாள்.

கதையில் அவர்கள் அந்த அறைக் கதவை உடைத்தார்கள். நிரோஜா கொப்பியைப் பார்த்து வாசித்தாள். "உள்ளுக்கு ஆள் இல்லை. ஒரு சோடி செருப்பு மட்டும் இருக்கு. ஒழுங்காக் கழட்டி, பக்கத்தில பக்கத்தில வைச்சிருக்கு. இடது செருப்பின்ர வார் அறுந்து, நீல நூலால தைச்சிருக்கு. மூண்டு தையல். கடைசித் தையல் கோணல்."

கத்தியை வைத்துவிட்டு எழும்பி விறாந்தைக்கு வந்தேன்.

அந்தத் தையல் நான் போட்டது. அவன் போன அன்று காலை, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து, பக்கத்தில் இருந்த முல்லைத்தீவு மீன்பிடிக் குடும்பத்திடம் வலை நூல் வாங்கித் தைத்தேன். மூன்றாவது தையலில் கிட்ட ஒரு செல் விழுந்து வெடிக்க, கை இழுத்துவிட்டது. "காணும் அக்கா, விடு," என்று பறித்து, போட்டுக்கொண்டு போனவன்தான். இதை நான் இவருக்குக்கூடச் சொன்னதில்லை. மகளுக்கு அப்போது மூன்று வயசு.

"பிள்ளை, உனக்கு இதை ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை அன்ரி. முந்தநாள் எழுதினதைத்தான் வாசிச்சனான்," என்று கொப்பியை நீட்டினாள்.

பிள்ளையார் சத்தியமாகச் சொல்கிறேன், அதில் அவள் எழுத்தில் 'உள்ளே ஒரு சாவிக்கொத்து' என்று மட்டும்தான் இருந்தது. செருப்பு என்று ஒரு சொல்லும் இல்லை. அவள் வாங்கிப் பார்த்தாள், பக்கத்தைப் புரட்டினாள், திரும்பவும் பார்த்தாள். பிறகு கொப்பியைத் தள்ளிவிட்டு, "செருப்பெண்டுதானேடி வாசிச்சனான்?" என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓம், எல்லோருக்கும் கேட்டது. இவருக்கும் கேட்டது.

பாயில் கிடந்த பகடையை நான் எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்று தெரியாது. பத்துக்கு மேல் விழுந்தால் விடியக் கீரிமலைக்குப் போவது பாவம். பத்தோ அதற்குக் கீழேயோ விழுந்தால் என் கையாலேயே அவனை முடித்த மாதிரி.

"உருட்டாதையப்பா," என்றார் இவர். கதிரையை விட்டு எழும்பி வந்துவிட்டார். "கொண்டுபோய்ச் சாமித் தட்டில வை."

வைத்தேன். காலையில் வந்த வானைத் திருப்பி அனுப்பினோம்.

நிரோஜா அந்த விளையாட்டை விட்டுவிட்டாளாம். பகடை இன்னும் பிள்ளையாரின் காலடியில்தான் இருக்கிறது, உருண்டுவிடுமோ என்று கை படாமல் பூ வைக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் என்னை விடுவதில்லை. செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்திருக்கிறது என்றாள் அந்தப் பிள்ளை. ஓடியவனின் செருப்பு அப்படிக் கிடக்காது. நாங்கள் செருப்பைக் கழற்றி வைப்பது கோயிலுக்குள் போக, இல்லாவிட்டால் ஒரு வீட்டுக்குள் போக. என் தம்பி எந்த வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனான்?

பொழுதுபட்டு விளக்கு வைத்ததும் எங்கள் வாசற்படியைப் பார்க்க எனக்குப் பயம். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.