இரண்டு அறைக்கு ஒரு பல்பு

அதியமான்கோட்டையின் இரண்டாவது கோட்டையாகிய எங்கள் வீட்டைப் புதுப்பிப்பது குறித்து இன்று காலை உச்சி மாநாடு நடந்தது. கலந்துகொண்டோர்: நான், என் மனைவி ஜெயா, கான்ட்ராக்டர் மாதேஷ்.

ஓபன் கிச்சன் வேண்டுமென்று ஜெயா பல யுகங்களாகத் தவமிருக்கிறாள். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருக்கும் சுவரில் மாதேஷ் சாக்பீஸால் பெரிய பெருக்கல் குறி போட்டார்.

"இதென்னங்ணா, செவுத்துல சதுரமா ஓட்டை?"

அந்தக் காலத்தில் இரண்டு அறைக்கும் ஒரே குண்டு பல்பு. அதை மாட்ட அப்பா விட்ட ஓட்டை அது.

கல்யாணமான புதிதில் அப்பா எதிரே மனைவியோடு பேசும் வீரம் தர்மபுரி மாவட்டத்தில் எந்த ஆணுக்கும் கிடையாது. ஆகவே நான் கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு பல்பிடம் பேசுவேன். அந்தப் பக்கம் களி கிண்டியபடியே ஜெயா பல்புக்குப் பதில் சொல்வாள். எங்கள் காதல் முழுக்க நாற்பது வாட்ஸ் வெளிச்சத்தில் வளர்ந்தது.

"இதை இடிச்சுட்டா வூடே பளிச்சுனு ஆயிருங்க" என்றார் மாதேஷ்.

ஜெயா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடிங்க. அந்த ஓட்டைய மட்டும் உட்ருங்க."

"செவுரே இல்லாம ஓட்டைய எங்கக்கா உடறது?"

"அது உங்க வேலைங்க. எனக்கு ரெண்டும் வேணும்."

மாதேஷ் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் பழக்க தோஷத்தில் பல்பு இருந்த ஓட்டையைப் பார்த்தேன்.

சுவரை இடித்துவிட்டு ஓட்டையை மட்டும் காப்பாற்றும் வித்தை தெரிந்த பொறியாளர்கள் கமெண்டுக்கு வரவும். பல்பு என் செலவு.