ஜீவராணிக்கு வேலை இல்லாத வீடு

வேலைக்குப் போன கட்டாரிலிருந்து பிரதாப்பின் பெட்டி வந்த அன்று, டிக்கோயாவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டமே அழுதது. பெற்றவள் மட்டும் அழவில்லை.

"அழுதிரு ஜீவா, நெஞ்சு அடைச்சிரும்" என்று லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினார்கள். ஜீவராணி பெட்டியைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி போட அடுப்பில் விறகை வைத்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாதென்று பக்கத்துக் காம்பராக்காரி ஓடிவந்து கையைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. ஒற்றை மகன். மழிக்காத தாடியோடு பெட்டிக்குள் கிடந்தான். அவனைப் பெற்ற வயிறு கல்லாய்ப் போயிருந்தது.

ஒரு வருடம் போனது. கல் கரையவில்லை.

மருமகள் தனுஜா கொழும்பில் ஒரு மருந்துக் கம்பெனியில் கணக்கு எழுதினாள். மகள் லக்சனாவோடு கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். பிரதாப்பின் உயிருக்கு ஈடாக வந்த பணத்தில் வீடு வாங்குவதென்றும், மாமியாரைத் தன்னோடு அழைத்துக்கொள்வதென்றும் முடிவு செய்தாள். வீடு பார்க்கப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஜீவராணியையும் வரச் சொன்னாள். ஏதாவது ஓரிடத்தில் அந்த முகம் கொஞ்சமாவது அசையாதா, அசைகிற இடத்திலேயே வாங்கிவிடலாமே என்பது அவள் எண்ணம். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜீவராணிக்கும் சொல்லாத எண்ணம் ஒன்று இருந்தது.

லயத்தில் ஒற்றை அறைக் காம்பரா என்பது ஆளுக்கு இல்லை, வேலைக்கு. குடும்பத்தில் ஒருவர் பேராவது தோட்டப் பதிவில் இருக்கும்வரைதான் கூரை. புருஷன் வீரய்யா செத்தபோது பிரதாப் கைக்குழந்தை. முப்பதாம் நாள் காரியம் முடிவதற்குள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வாசலில் வந்து நின்றார். "இனி யாரு பேருல காம்பரா?" என்று கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. கேட்க வேண்டியதைக் கேட்டார். "எம் பேருலங்க" என்றாள் ஜீவராணி. மறுநாள் விடியலில் பால் கட்டிய மார்போடு கூடையை எடுத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலையேறினாள். அன்றிலிருந்து அந்தக் கூரை அவள் தலைமேல் அவள் பேரில் நின்றது. இப்போது வயதாகிவிட்டது. தை மாதத்தோடு பேரை வெட்டிவிடுவார்கள்.

வேலை இல்லாதவருக்கு வீடு இல்லை. இது தோட்டத்துச் சட்டம் என்று அவளுக்குத் தெரியாது. உலகத்துச் சட்டம் என்று நினைத்திருந்தாள். கொழும்பிலும் அப்படித்தான் இருக்கும். எந்தப் பக்கம் தனக்கு வேலை கிடைக்குமோ, அந்தப் பக்கம்தான் தன்னால் இருக்க முடியும்.

முதலில் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி. தரகர் கணேசமூர்த்தி வாய் ஓயாதவர்.

"தங்கச்சி, இங்க கடல் காத்து காசில்லாம சும்மா. வத்தளைப் பக்கம் போனா கொசு சும்மா. எது வேணும்னு நீங்களே சொல்லுங்க!"

தனுஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வீடும் மனதுக்குப் பிடித்திருந்தது. வேலை செய்யும் கந்தோருக்கு ஒரே பஸ். லக்சனாவின் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். அவள் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஜீவராணி கீழே இறங்கி, வாசலில் இருந்த காவல்காரனிடம் போனாள்.

"தம்பி, இந்த வீடுகள்ல கூட்டித் தொடைக்க ஆள் எடுப்பாங்களா?"

"எந்தப் பக்கம்மா நீங்க?"

"டிக்கோயா."

"நானும் மலைநாடுதாம்மா, பூண்டுலோயா. நம்மாளுகிட்ட பொய் சொல்லக் கூடாது. இங்க ஏஜென்சி மூலமாத்தான் எடுக்கிறாங்க. அம்பது தாண்டினா வேணாம்னுருவாங்க."

ஜீவராணி மேலே வந்தாள். "எப்பிடி மாமி?" என்று தனுஜா கேட்டாள்.

"இது வேணாம் புள்ள."

ஏன் என்று தனுஜா கேட்கவில்லை. ஒரு வருடத்தில் மாமி தானாகச் சொன்ன முதல் அபிப்பிராயம் அது. தனக்குப் பிடித்த வீட்டை அந்த இடத்திலேயே விட்டுவிட்டாள்.

அடுத்தது கொட்டாஞ்சேனை, கோயிலுக்குப் பின்னால் இருட்டான ஒரு வீடு. "கோயில் மணி கேட்டா எந்திரிக்கலாம், கடிகாரம் வாங்குற செலவு மிச்சம்" என்றார் கணேசமூர்த்தி. அங்கேயும் ஜீவராணி மெல்ல நழுவி, தெருமுனை மளிகைக் கடையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் பேசிவிட்டு வந்தாள். "இதுவும் வேணாம் புள்ள."

மூன்றாவது, வத்தளையைத் தாண்டி ஹெந்தலையில். சின்ன வீடு, முன்னால் ஒரு மாமரம்.

"வெள்ளம் வருமாண்ணே?" என்று கேட்டாள் தனுஜா.

"பெரிய மழைன்னா ஆறு கேட்டுவரைக்கும் வந்து கும்பிட்டுட்டுப் போயிரும் தங்கச்சி. உள்ள வராது, மரியாதை தெரிஞ்ச ஆறு."

ஜீவராணி மதில் ஓரமாய் நின்று பக்கத்து வீட்டு நந்தாவதியோடு சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தாள். பிறகு வந்து, "இதயே எடு புள்ள" என்றாள்.

தனுஜாவின் கண் நிறைந்துவிட்டது. கந்தோருக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். லக்சனா பள்ளிக்கூடம் மாற வேண்டும். இருக்கட்டும். "புடிச்சிருக்கா மாமி? உண்மையாவே புடிச்சிருக்கா?"

"ம்."

கணேசமூர்த்தி வீட்டுக்காரரோடு பேசப் போனைக் காதில் வைத்த நேரத்தில் நந்தாவதி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். இந்த அம்மா எப்போதிலிருந்து வருவார், ஒன்றாம் தேதியா, குடிவந்த மறுநாளேயா என்று தனுஜாவிடம் சிங்களத்தில் கேட்டாள்.

"எதுக்கு?"

"கடைகளுக்கு இடியப்பம் பிழியத்தான். விடிய நாலு மணிக்கு வர முடியும் என்றாரே."

தனுஜா திரும்பினாள். ஜீவராணி மாமரத்தடியில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாமி, வேலை கேட்டீங்களா?"

"ம்."

"எதுக்கு மாமி?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்கு நாந்தானே காசு குடுக்கிறேன்?"

"நீ குடுக்கிற புள்ள. ஒம் பேருல நீயும் லக்சனாவும் இருப்பீங்க. நான் யாரு பேருல இருக்கிறது?" அவள் குரலில் ஏக்கமில்லை, குறையில்லை. "பிரதாப் இருந்தா அவன் பேருல இருந்திருப்பேன்."

கணேசமூர்த்தி போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். அவருக்கும் வழக்கமான பகிடி வரவில்லை.

"அம்மா, இது தோட்டமில்லம்மா. காசு குடுத்து வாங்கினா நம்ம வீடு. தோட்டத்துத் தொரையே வந்தாலும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்."

"அப்பிடிங்களா?" என்றாள் ஜீவராணி, பஸ் எத்தனை மணிக்கு என்று யாரோ சொல்லக் கேட்டவள் போல.

"வெள்ளவத்தையிலயும் கேட்டீங்களா?" என்று கேட்டாள் தனுஜா.

"கேட்டேன். அம்பது தாண்டினா எடுக்க மாட்டாங்களாம்."

"கொட்டாஞ்சேனையில?"

"வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டாங்க. வாரத்துல ரெண்டு நாள்தான். அது பத்தாது."

தனுஜா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு கதறினாள். கணவனுக்காக அழுதாளோ, அவனைப் பெற்றவளுக்காக அழுதாளோ, அவளுக்கே தெரியாது. ஜீவராணி பக்கத்தில் வந்து மருமகளின் தலையில் கை வைத்தாள். அந்தக் கை தடவவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது.

"வேலைய விடுங்க மாமி. மூணு எடம் பாத்தோம். ஒங்க மனசுக்கு எது புடிச்சிருக்கு? அத மட்டும் சொல்லுங்க."

ஜீவராணி உண்மையாகவே யோசித்தாள். எங்கே இருக்க விருப்பம் என்று அவளையோ, அவளைப் பெற்றவர்களையோ, கப்பலேறி வந்த அவர்களுடைய பாட்டன்மாரையோ இதுவரை யாரும் கேட்டதில்லை. காட்டிய காம்பராவில் இருந்தார்கள். நெஞ்சுக்குள் எங்கெங்கோ தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியலையே புள்ள."

தனுஜா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "அண்ணே, வெள்ளவத்தை வீடு இன்னும் இருக்கா?"

"இருக்கு தங்கச்சி. நீங்கதானே வேணாம்னீங்க?"

"அதயே எடுக்கிறேன். அங்கதான் இவங்களுக்கு யாரும் வேலை குடுக்க மாட்டாங்க."

கணேசமூர்த்தி மறுபடி போனை வெளியே எடுத்தார். "கோயில் கேப்பாங்க, பள்ளிக்கூடம் கேப்பாங்க, தண்ணி கேப்பாங்க. இப்பிடி ஒரு காரணம் சொல்லி எடம் புடிச்சவங்கள இன்னைக்குத்தான் பாக்கிறேன்" என்றார்.

தை மாதம் தோட்டத்தில் பேரை வெட்டினார்கள். ஜீவராணி காம்பராவைக் கூட்டிப் பெருக்கிச் சாவியைக் கொடுத்துவிட்டு, ஒரு பையோடு கொழும்பு பஸ் ஏறினாள்.

புது வீட்டில் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டினாள். "தரை தேஞ்சிரும் மாமி" என்று தனுஜா விளக்குமாற்றைப் பிடுங்கி வைத்தால், துணியை எடுத்துக்கொண்டு ஜன்னல் கம்பிகளைத் துடைத்தாள். துடைக்கவும் ஒன்றும் மிஞ்சாதபோது கதவருகில் போய் நின்றாள். யாராவது வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பதைப் போல, சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கதவுக்கு வெளியே லிஃப்ட் ஏறும், இறங்கும். யாரும் கேட்கவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை முடிந்து தனுஜா தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தாள். நல்ல உச்சி வெயில். கூடத்தில் பாயை விரித்து ஜீவராணி தூங்கிக்கொண்டிருந்தாள். சூரியன் தலைக்கு மேலே நிற்கும்போது அவள் தூங்கியதாக யாரும் பார்த்ததில்லை. காய்ச்சலில்கூட மலையேறியவள்.

கதவுச் சத்தத்தில் விழித்தாள். பதறி எழுந்து மாராப்பைத் தேடினாள்.

"இல்ல... இப்பதான்... சும்மா ஒரு நிமிசம்..." அவள் கண்கள் தனுஜாவைப் பார்க்கவில்லை. தனுஜாவின் தோளுக்குப் பின்னால், திறந்திருந்த வாசலைப் பார்த்தன.

"யாரும் வரல மாமி."

தனுஜா கதவைச் சாத்திவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். "நான்தான். படுங்க."

ஜீவராணி மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கும் அவள் அழவில்லை. தலையணையை இழுத்துச் சரிசெய்துகொண்டு, பட்டப்பகலில், மறுபடியும் படுத்துக்கொண்டாள்.