முன்வரிசையில் கொறற்றி

பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் மரியமலரின் ஒரே மகள் கொறற்றி. பாரிஸின் புறநகரான சார்செலில் பிறந்து வளர்ந்தவள். நல்ல உயரம், அகன்ற தோள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரப் பெண்கள் அவளைக் கண்டதும் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வார்கள். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு ரோல்ஸ் எடுப்பாள்.

2014இல், அலுவலகத் தோழி ஜெர்மேன் அவளைப் பெண்கள் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கூட்டிப்போனாள். ஜெர்மேன் அங்கே பந்தெறிபவள். பயிற்சியாளர் ழான்-லூக் கொறற்றியை முன்வரிசையில் நிறுத்தினார். அந்த வரிசைக்காரர்கள் பந்தோடு ஓடுவதில்லை. பாய்ந்து வரும் எதிரணியை முட்டித் தடுப்பார்கள். எறிகிறவளுக்கு நேரமும் ஓடுகிறவளுக்கு வழியும் எடுத்துக் கொடுப்பார்கள். முதல் மோதலிலேயே இதுதான் தன் இடம் என்று கொறற்றிக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த வருடம் ஒரு மழைநாள் ஆட்டத்துக்குத் தாய் வந்தார். இடைவேளையில் மகளைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ ஒருக்கால்கூடப் பந்தைத் தொடேல்லையே, பிள்ளை?"

"தொடுறது என்ரை வேலை இல்லை அம்மா. ஜெர்மேனைப் பாருங்கோ. அவளின்ரை சட்டையிலை சேறு இருக்கோ?"

மரியமலர் எட்டிப் பார்த்தார். மைதானத்தில் எல்லோரும் சேற்றில் குளித்திருந்தார்கள். ஜெர்மேனின் சட்டை வெள்ளையாகவே இருந்தது.

"இல்லை."

"அதுதான் என்ரை வேலை."

ஆட்டம் முடியும் நேரம் அணி நான்கு புள்ளி பின்னால் நின்றது. எல்லைக்கோட்டுக்கு ஓர் எட்டு வைக்கும் தூரம்தான் இருந்தது; பந்தோடு அதைத் தாண்டினால் ஆறு புள்ளி. பந்தை எறியும்படி ழான்-லூக் சைகை காட்டினார்.

"வேண்டாம்," என்றாள் கொறற்றி. "என் முன்னால் நிற்பவளுக்கு மூச்சு வாங்குகிறது. ஜெர்மேன், பந்தோடு என் முதுகைப் பிடித்துக்கொண்டு வா."

ழான்-லூக் அவள் முகத்தைப் பார்த்தார். சரியென்று தலையசைத்தார்.

கொறற்றி தாழ்ந்து பாய்ந்தாள். எதிரில் நின்றவளின் நெஞ்சில் தோளைக் கொடுத்து, நிமிர்த்தி, பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போனாள். திறந்த வழியால் ஜெர்மேன் கோட்டைத் தாண்டி விழுந்தாள். வெற்றி! ஒலிபெருக்கி ஜெர்மேனின் பெயரை மட்டும் சொன்னது. மரியமலர் எழுந்து நின்று, சுற்றியிருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் தமிழிலேயே கத்தினார்: "முன்னுக்குப் போனது என்ரை பிள்ளை!"

அந்தக் கிழமை கடைக்கு வந்த ஒரு பெண் கேட்டாள்: "பொம்பிளைப் பிள்ளையை இப்பிடி இடிபட விடுறியளே அக்கா?"

"அவள் இடிபடுறேல்லை," என்றார் மரியமலர், கத்தரிக்காயை நிறுத்தபடி. "இடிக்கிறவள்."

அடுத்த வருடம் அணித்தலைவியைத் தேர்ந்தபோது எல்லோரும் ஜெர்மேனைப் பார்த்தார்கள். அவளோ கொறற்றியைக் கை காட்டினாள்.

"சரியான முடிவு," என்றாள் கொறற்றி.