பால் திரிந்த காரணம்

புளித்த கஞ்சியின் வாடை. ஈப்போவில் எந்தச் சந்தில் அது வந்தாலும் நின்றுவிடுகிறேன். மூக்கு முன்னே ஓடுகிறது, நான் பின்னே; ரப்பர் மரங்களுக்கு நடுவே தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறைப் பள்ளிக்கு.

என் இருபதுகளில், பத்து காஜா டவுனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நான் வாத்தியார். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கத்தான் வைத்திருந்தார்கள். எனக்கோ, பிள்ளைகள் ‘ஏன்’ என்று கேட்க வேண்டுமென்று ஓர் அரிப்பு.

ஒரு நாள் கடைசி வரிசையில் ஒரு சிறுமி தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார எவரும் தயாராயில்லை. கைக்குழந்தைக்காரியான அவள் தாய் வெறும் வயிற்றோடு ரப்பர் மரம் சீவிப் பால் எடுக்கப் போவார். பிறகு இவள் கஞ்சி கொண்டுபோவாள். போகிற நாளிலெல்லாம் தாயின் வாளிப் பால் திரிந்து கட்டியாகிவிடுகிறதாம். ராசி கெட்டவள் என்று, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்கப் பேச்சு. இன்னொரு தடவை திரிந்தால் பள்ளியை நிறுத்தி, பீடோரில் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத் தகப்பன் சொல்லியாயிற்று.

வாய்ப்பாட்டை நிறுத்தினேன்.

“அவ வந்தா பால் திரியுது. சரி. அவகூட வேற என்னென்ன வருது?”

“நெழலு வருது வாத்தியாரே!”

“பேனு வருது!”

“அது ஒன் தலையிலேர்ந்து வந்ததுலா,” என்றாள் அவள். அறை சிரித்தது.

“தூக்குச்சட்டி வருது,” என்றான் ஒருவன், மெதுவாக. “அதுல கஞ்சி வருது.”

மறுநாள் இரண்டு சிரட்டைகளில் புதுப் பால் வைத்தேன். ஒன்றை அவள் மடிக்கருகே வைத்துக்கொண்டாள். மூச்சு படும்படி குனிந்தும் பார்த்தாள். மற்றதைத் தள்ளி வைத்து, புளித்த கஞ்சித் தண்ணீரை ஊற்றினோம். பிள்ளைகளுக்குப் பாடம் ஓடவில்லை, எனக்கும்தான். அவள் மடியோரத்துப் பால் பாலாகவே கிடந்தது. மற்றது தயிராய்த் திரண்டது.

“கஞ்சி! கஞ்சிதான்லா!” மணியடித்ததும் கத்திக்கொண்டே லயத்துக்கு ஓடினார்கள். எனக்கு உள்ளே மத்தாப்பு.

அவள் மட்டும் போகவில்லை. திரண்ட சிரட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாத்தியாரே, அம்மா வேற ஏனம் கொண்டுபோறதில்ல. பால் வழிக்கிற செரட்டையிலதான் கஞ்சி குடிப்பாங்க. குடிச்சிட்டு அதுலயே திரும்பப் பால் வழிப்பாங்க.”

மத்தாப்பு அணைந்தது. காரணத்தைத் தேடச் சொன்னவன் நான். அது ஒரு வீட்டின் வாசலில் போய் நிற்கும் என்று யோசித்திருக்கவில்லை. மகள் மேலிருந்த பழியை எடுத்து, பசித்த தாயின் கையில் வைத்துவிட்டேனா? வேலை வாங்கும் கங்காணி அந்தம்மாவை என்னவெல்லாம் ஏசுவார்? சாக்பீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சிலேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

“இவனுங்க போயி ஒளறுறதுக்குள்ள அம்மாகிட்ட நான் சொல்லிடணும்.”

“ஏசுவாங்களா?”

“ஏசுனா ஏசட்டும். நாளைக்கு வேற செரட்டை கழுவி நானே கொண்டுபோறேன்.” வாசற்படி இறங்கியவள் திரும்பினாள்.

“நீ நாளைக்கு வருவியாம்மா?” என்றேன்.

“பால் திரியலன்னா வாரேன், வாத்தியாரே.”