கவர் இல்லாத காணிக்கை

என்னைப் போன்றவள் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசிப் பழக்கமில்லாதவள். சபை மலருக்குப் பழைய காலத்தைப் பற்றி யாராவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, பேசத் தெரிந்தவர்கள் இத்தனை பேர் இருக்க நமக்கென்ன என்று சும்மா இருந்துவிட்டேன். ஆனால் போன மாதம் அச்சகத்திலிருந்து புதுக் காணிக்கைக் கவர்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. வெள்ளைத் தாள், மூலையில் அச்சடித்த எண், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு கவர். அவற்றைப் பிரித்துக் குடும்ப வாரியாக அடுக்கும்போது, ஜப்பான்காரன் காலத்தில் என் கையால் ஒட்டிய ஒரு பழுப்புக் கவர் கண்முன் வந்து நின்றது. அதற்குப் பிறகு வேறு வேலை ஓடவில்லை. எழுதியதில் குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது சிங்கப்பூரில் எங்கள் வேதக்கோயில் சபையின் பொக்கிஷதாரர் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரன் ஆபீசில் கணக்கெழுதிப் பழகியவர். சபையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, எண் போட்ட கவரில் காணிக்கை வாங்கும் முறையைக் கொண்டுவந்தவரே அவர்தான். கவரில் வந்தது அந்த எண்ணுக்கு நேராகப் பதிவாகும். கவர் இல்லாமல் காணிக்கைப் பையில் விழுந்தது பொதுக் காணிக்கை. அதற்குப் பெயர் கிடையாது. சனிக்கிழமைகளில் நான் போய் அவருக்கு உதவியாக எழுதிக் கொடுப்பேன். என் கையெழுத்து உருண்டையாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

ஜப்பான் சண்டை வந்ததும் கவருக்குத் தாள் கிடைக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த முறையையே அப்போதைக்கு நிறுத்தியிருப்பார்கள். அவர் நிறுத்தவில்லை. எங்கிருந்தோ பழைய ஆபீஸ் தாள்களைக் கட்டுக் கட்டாகச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எழுதாத பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையால் நான் ஒட்டினேன். குடும்பத்துக்கு ஒரே ஒரு கவர். ஞாயிற்றுக்கிழமை அதை வாங்கி, உள்ளே இருந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டை எடுத்துக்கொண்டு, கவரை ஜன்னல் கம்பியில் காயவைத்து அன்றைக்கே வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தனுப்புவோம். யாராவது தொலைத்துவிட்டால் கோயில் வாசலிலேயே வைத்துக் கேட்பார். “இது என்ன தேக்கா மார்க்கெட்டில வாங்கின மீன் சுத்தின தாளோ?” என்று அவர் கேட்டதற்கு அஞ்சி, கவர் கிழிந்தவர்கள் இரண்டு வாரம் கோயிலுக்கே வராமல் இருந்ததும் உண்டு.

இவ்வளவும் எதற்காக என்றால், ஓடிட்டருக்காக. எங்கள் கணக்கை வருடந்தோறும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் ஒரு துரை. அவரை ஜப்பான்காரர்கள் சாங்கிச் சிறையில் அடைத்து வைத்திருந்தார்கள். உயிரோடு இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. பொக்கிஷதாரரோ, அவர் வருகிற திங்கட்கிழமை வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரப் போகிறார் என்பதுபோல ஒவ்வொரு வாரமும் கணக்கை முடித்துக் கோடு போட்டார். ஊரில் ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தபோது நாங்கள் சிவப்பு மையைத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தோம். பல சனிக்கிழமைகளில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் சிராங்கூன் சாலையில் பலசரக்குக் கடை வைத்திருந்த சபையார் ஒருவர் சில மூட்டை அரிசி கொடுத்தார். அரிசியைக் கண்ணால் பார்த்தே வெகு நாளாகியிருந்தது. எல்லோருக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கைப்பிடிகூடத் தேறாது. சபைப் போதகரான ஐயர் மலேரியாவில் படுத்திருந்ததால் முடிவு பொக்கிஷதாரர் கையில் இருந்தது. அவர் சபைச் சட்டத்தை எடுத்தார். ஆறு மாதம் கவர் வராத எண்ணுக்குச் சபையில் உரிமையில்லை என்று அதில் ஒரு விதி. ஓட்டுப் போடுவதற்காக எழுதிய விதி அது. அதை அரிசிக்குப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்ன எண்களை, எது யார் வீடு என்று பாராமல், பட்டியலாக எழுதி வாசலில் ஒட்டியது நான்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் அக்கா அதைப் பார்க்க வந்தார். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு பிள்ளைகள். பட்டியலில் அவர்கள் எண் இல்லை. நான் திகைத்துப் போனேன். கோயிலில் அவர் எனக்கு அடுத்து உட்காருபவர். வாராவாரம் காணிக்கைப் பை வரும்போது அவர் கையை உள்ளே விட்டதை நான் பார்த்திருக்கிறேன். கவர் இல்லாமலா போட்டீர்கள் என்று கேட்டேன்.

“கவரச் சின்னவன் தின்னுட்டாம்மா,” என்றார். “பசையை நக்கிப் பாத்திருக்கான். மரவள்ளி ருசி. அப்புறம் தாளையும் சேத்து மென்னுட்டான். சாமி கவரைப் புள்ள தின்னுட்டான்னு அந்தப் பெரியவர்கிட்ட போயி எப்படிம்மா சொல்றது? மீன் தாளான்னு கேப்பாரு.”

வெட்கப்பட்டுக்கொண்டு மாதக்கணக்காக நோட்டை வெறுமனே மடித்துப் போட்டிருக்கிறார். அத்தனையும் பொதுக் காணிக்கையில் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் எண்ணுக்கு நேரே கட்டம் கட்டமாக வெறுமை. கடலுக்கு அப்பால் ஒரு தீவில் தோட்டம் போடப் போகிறவர்களுக்கு நிலமும் அரிசியும் தருவதாக அப்போது ஜப்பான்காரர்கள் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாக விழுகிறார்கள் என்றும் பேச்சு. திங்கட்கிழமை ஒரு படகு புறப்படுவதாக இருந்தது. இந்த அரிசி கிடைத்தால் ஒரு மாதம் தள்ளிவிடுவேன், அதற்குள் வீட்டுக்காரரிடமிருந்து ஏதாவது சேதி வரும், கிடைக்காவிட்டால் பெயர் கொடுத்துவிட வேண்டியதுதான் என்றார் அக்கா.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் பொக்கிஷதாரர் பட்டியலைப் படித்தார். நான் எழுந்தேன். டிரைவர் அக்கா வாராவாரம் பையில் காணிக்கை போட்டதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன் என்று சொன்னேன். அரிசி கொடுத்த கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“கைய உள்ள விட்டதப் பாத்தேன்னு சொல்றீங்க. போட்டாங்களா, எடுத்தாங்களா, அத யாரு பாத்தா?”

சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“எடுத்திருந்தா உங்க கடை வாசல்ல கடன் கேட்டு நின்னிருப்பனா அண்ணே?”

பொக்கிஷதாரருக்கு முகம் சிவந்துவிட்டது. கோயிலுக்குள் இப்படிப் பேசக்கூடாது என்று கடைக்காரரை அவர் கண்டித்த மாதிரி யாரும் கண்டித்து நான் கேட்டதில்லை. பிறகு பென்சிலை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“பிள்ளை, எவ்வளவு போட்டவ எண்டு சொல்லும். இப்பவே பதியிறன்.”

எப்படிச் சொல்வது? தொகை அடுத்தவருக்குத் தெரியக்கூடாது என்று கையை மூடிக்கொண்டு பைக்குள் விட்டுத்தான் திறப்போம். அதுதான் எங்கள் மரியாதை. பிள்ளைகளுக்கும் அப்படித்தான் பழக்கியிருந்தோம். மூடின கையை எப்படி ஐயா பார்ப்பது என்றேன். அதைத்தான் நானும் சொல்கிறேன் என்றார். அக்கா தானே தொகையைச் சொல்ல வந்தார். போட்டவரே சொன்னால் கணக்கில் ஏற்க முடியாது என்று தடுத்தார்.

“ஆண்டவருக்குத் தெரியும்லா ஐயா?” என்றார் அக்கா.

“ஆண்டவருக்குத் தெரியும், தங்கச்சி. ஓடிட்டர் வந்து கேட்டால் நான் என்னத்தைக் காட்டுறது?”

“ஓடிட்டரு சாங்கியில புல்லு புடுங்குறாரு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல் முனகியது. அவர் காதில் விழுந்திருக்கும். ஆனாலும் அசையவில்லை. விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் அடுத்த மாதக் கமிட்டியில் வைப்பதாகச் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். வேறு யாரும் வாய் திறக்கவில்லை. பட்டியலில் ஒரு பெயர் ஏறினால் தங்கள் படி குறையும் என்று அந்த நேரத்தில் எல்லோருக்கும் கணக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் அக்காவைப் பிடித்து, எங்கள் பங்கில் பாதியை நாளைக்குக் கொண்டுவருகிறேன், அவசரப்பட வேண்டாம் என்றேன். அவர் என் கன்னத்தைத் தொட்டார். “உங்கம்மாவுக்கு யாரு தருவா?” என்று கேட்டுவிட்டு நடந்தார்.

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. பொக்கிஷதாரர் கெட்டவராக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு சல்லியைத் தொட்டவரில்லை. அவரும் மரவள்ளிதான் தின்றார். அவர் எண்ணும் பட்டியலில் இருந்தது, ஆனால் தன் பங்கை ஐயர் வீட்டுக்கு எழுதிவிட்டிருந்தார். சண்டை முடிந்த பிறகு புது ஓடிட்டர் வந்து, போர்க்காலக் கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சபை நன்றித் தீர்மானம் போட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கணக்கில் டிரைவர் அக்கா ஒன்றுமே கொடுக்காதவர். அது பிசகில்லையாம்.

அந்தக் கணக்கு வேலையை இப்போது நான் பார்க்கிறேன். பையைக் கவிழ்க்கும்போது கவர் இல்லாத நோட்டுகள் இன்றும் விழுகின்றன, நாலாக மடித்து, வியர்வை பட்டு. புதுக் கமிட்டியிடம் இதற்கு ஏதாவது வழி செய்யுங்கள் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பெயர் தெரியாமல் என்ன செய்வது அக்கா, பொதுக் காணிக்கையிலேயே எழுதுங்கள் என்கிறார்கள். எழுதுகிறேன்.

அந்த ஆராதனைக்கு மறுநாள், திங்கட்கிழமை, அரிசி கொடுத்தார்கள். எங்கள் பங்கை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். அம்மா அதில் பாதியைத் தலையணை உறையில் கொட்டிக் கட்டிக் கொடுத்தார். டிரைவர் அக்கா குடியிருந்த அறைக்குப் போனபோது கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு சீன அம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தார். காலையிலேயே பிள்ளைகளோடு படகுக்குப் போய்விட்டார்கள் என்று மலாய் மொழியில் சொன்னார்.