தரை பச்சையாட்டு கெடக்கு!

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு தேர்தல் நடந்தது. போட்டியிட்டவை நான்கு தேங்காய்ச் சிரட்டைகள்!

அடுக்களையை இடித்துக் கட்டுகிறோம் என்று முன்பே உங்களிடம் புலம்பியிருக்கிறேன் அல்லவா? அலைந்து திரிந்து பெர்மிட்டில் சிமெண்ட் வாங்கியாயிற்று. நின்றுகொண்டே சமைக்க அடுப்பு மேடையும் எழும்பிவிட்டது. மிச்சம் தரைதான். அதற்கு என்ன நிறம்? கொத்தனார் தங்கையன் சிமெண்டில் சாயப்பொடி கலந்து, சிரட்டைகளில் நிரப்பி, பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை.

நான் அந்தச் சாம்பிள்களைப் பையில் போட்டு நாகர்கோவில் ஆபீசுக்கே கொண்டுபோனேன். தலைமைக் குமாஸ்தா முதல் பியூன் வரை எல்லோரிடமும் காட்டினேன். ஏகமனதாகச் சிவப்பு! கம்பீரம், அழுக்குத் தெரியாது, பெரிய வீடுகளில் எல்லாம் அதுதான்...

ஒரே ஒரு வோட்டுதான் மாறி விழுந்தது. அது என் மனைவி பகவதியின் வோட்டு.

"பச்சை போடுங்க" என்றாள்.

"ஏட்டி, அடுக்களைக்குப் பச்சையா? ஆளுக சிரிக்கமாட்டாங்களா?"

"நாளு பூரா நான் பாக்கது பொகையும் கரியும். குனிஞ்சா கண்ணுக்குக் குளிர்ச்சியாட்டு ஒண்ணு கெடக்கட்டுமே. நீங்க ஒரு நாளாவது அடுக்களையில கால் வச்சிருக்கியளா?"

வைத்ததில்லை. பன்னிரண்டு வருஷமாகத் தண்ணீர்கூட வாசலில் நின்று கேட்டுத்தான் வாங்கிக் குடிக்கிறேன். ஆனால் அதற்கும் நிறத்துக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பு என்று உத்தரவு போட்டேன். அவள் பச்சைச் சிரட்டையை மட்டும் எடுத்து அடுக்களை ஜன்னலில் வைத்துக்கொண்டாள்.

தரை போட்ட அன்று சாயங்காலம் நாகர்கோவிலில் பஸ் ஏறுகிறேன். எங்கள் இரணியல் பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் கூப்பிட்டார்.

"சாரே! ஒங்க கொத்தனார் சொல்லிவிட்டாரு. அடுக்களைத் தரை பச்சையாட்டு கெடக்காம்..."

பச்சையா?

அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. வில்லுக்குறி தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். என் பேச்சைத் தட்டாதவள் — கொத்தனாரையே கைக்குள் போட்டுக்கொண்டாளா? சிமெண்ட் அத்தனையும் தீர்ந்திருக்குமே... இன்னொரு தரைக்கு எவனிடம் போய்ப் பெர்மிட் கேட்பது?

வீட்டுக்கு வந்ததும் செருப்பை உதறிவிட்டு நேரே அடுக்களைக்குள் பாய்ந்தேன். உள்ளே மங்கிய வெளிச்சம்.

"ஏட்டி! யாரைக் கேட்டுப் பச்சை போட்டே?"

"ஐயோ, சவிட்டாதீங்க!" கிணற்றடியிலிருந்து பகவதி அலறினாள்.

மிதித்துவிட்டேன். ஒரு காலா? இரண்டு காலும்! அதுவும் அடுப்பு மேடைக்கு நேர் முன்னால். பத்து விரலும் பதிய, நான் உத்தரவிட்ட அதே சிவப்பில் நின்றுகொண்டிருந்தேன்.

சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்த தங்கையன் ஓடி வந்தார்.

"பச்சைன்னு நீருதானே சொல்லியனுப்பினீரு?" என்றேன்.

"ஈரம் காயல்ல, பச்சையாட்டு கெடக்கு, யாரும் சவிட்டப்பிடாது, பால் காய்ச்ச ரெண்டு நாளு கழியட்டும்னு சொல்லிவிட்டேன் சாரே! நீங்க என்ன நெனச்சீங்க?"

பகவதி சிரித்தாள் பாருங்கள்... முந்தானையால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோபத்தை விடாமல் நிற்கலாம் என்றால் கால் வேறு வழுக்குகிறது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தங்கையன் மட்டும் சிரிக்கவில்லை. "இனி தேச்சாலும் தழும்பு தெரியும் சாரே. சதுரமாட்டு வெட்டி எடுத்துட்டு வேற போடணும். ஒரு சட்டி சிமெண்ட் மிச்சம் கெடக்கு. செவப்புப் பொடிதான் தீந்துபோச்சு. நாளைக்கு வாங்கிட்டு வரட்டா?"

கேள்வி என்னிடம்தான் வந்தது. பகவதியின் சிரிப்பு நின்றது. அவள் ஜன்னலைப் பார்த்தாள். பச்சைச் சிரட்டை அங்கேயே இருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. பியூன் சொன்னதைக் கேட்டவன், இவள் சொன்னதை ஏன் கேட்கவில்லை?

"என்னைக் கேக்காதீரும். அங்க நிக்கப்போறது யாரோ, அவகிட்ட கேளும்" என்றேன்.

தங்கையன் அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை... அதற்குள் பதில் வந்துவிட்டது!

நேற்றுப் பால் காய்ச்சினோம். தரை முழுக்கச் சிவப்பு. அடுப்பு மேடைக்கு முன்னால் மட்டும் இரண்டடிச் சதுரத்தில் பச்சை. அதன்மேல் நின்றுகொண்டு பால் பொங்குவதைப் பார்த்த பகவதியின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நானும் பக்கத்திலேயே நின்றேன். ஆமாம், அடுக்களைக்குள்தான்!

"இதென்ன, புது ஃபேஷனா?" என்று பக்கத்து வீட்டு அம்மாள் கேட்டார்.

"அதா எக்கா? எங்க வீட்டு ஆளு அடுக்களையில மொதமொதலா கால் வச்ச எடம்!"

அந்த அம்மாள் மெல்லத் திரும்பி, வாசலில் நின்ற தன் வீட்டுக்காரரின் காலைப் பார்த்தார்.