ரத்னாபாய் கட்டிய கிரேன்

ரத்னாபாய்க்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகியும் கணவர் ஓட்டுகிற கிரேன் எப்படி இருக்கும் என்று தெரியாது. சத்தியதாஸ் திருவனந்தபுரத்துக்கு வெளியே ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஆபரேட்டர். காலையில் தூக்குச் சட்டியோடு பஸ் ஏறுவார். மாலையில் காலிச் சட்டியோடு வந்து குளித்துவிட்டுப் பேப்பர் படிப்பார். வேலையைப் பற்றிக் கேட்டால், “கிரேன்தானே, அதுல சொல்லதுக்கு என்ன இருக்கு” என்பதோடு பேச்சு முடியும். ஆலைக்குள் வெளியாட்களை விடவும் மாட்டார்கள். மணக்காட்டு வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்த ரத்னாபாய்க்கும் அது பெரிய குறையாகத் தோன்றவில்லை.

தொண்ணூற்றொன்பதில், மழை தொடங்கிய சமயம், சத்தியதாஸ் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை சொன்னபடி கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணி, பேச்சு குழறியது. ஆலை வேலை அதோடு முடிந்தது.

விரல்களுக்குப் பயிற்சி வேண்டும், சின்னச் சின்ன சாமான்களை எடுத்து வைக்கப் பழக்குங்கள் என்று பிசியோதெரபிக்கு வந்த பெண் சொன்னாள். ரத்னாபாய் ஒரு தட்டில் சிறுபயறு கொட்டி வைத்தாள். கொஞ்ச நாள் பொறுக்கியவர், ஒருநாள் தட்டை இடது கையால் தட்டிவிட்டார். பயறு மிஷினுக்கு அடியிலெல்லாம் உருண்டது. அவள் பெருக்கி எடுத்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவள் தங்கை சரோஜம் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தாள். அங்கே நர்ஸ். வாதம் வந்தவர்களுக்கு இதைக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன் என்று ஒரு பெரிய அட்டைப்பெட்டியை அத்தான் முன்னால் வைத்தாள். உள்ளே மஞ்சளும் கறுப்புமாகப் பொடிப்பொடியான பிளாஸ்டிக் கட்டைகள், பல் சக்கரங்கள், ஒரு குட்டி மோட்டார். படம் பார்த்துப் பொருத்திக்கொண்டே போனால் துறைமுகத்தில் நிற்கிற கிரேன் ஒன்று வந்துவிடும்.

“பிள்ளேரு களிக்குந்ந சாதனமல்லே அம்மே” என்று காலேஜிலிருந்து வந்த மகள் ரெம்யா மலையாளத்தில் சிரித்தாள். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்றதும் சத்தியதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் தொடவில்லை. ஊக்கும் பொத்தானும் கையாண்டு பழகிய ரத்னாபாய்தான் தையல் இல்லாத நேரங்களில் கட்டைகளை நிறம் பிரித்து வைத்துப் பொருத்த ஆரம்பித்தாள். படத்தை ஒருமுறை தலைகீழாகப் பிடித்துவிட்டாள். கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவரால் பொறுக்க முடியவில்லை.

“அது... கீழ வாறது” என்றார்.

“அப்பம் வந்து வச்சுத் தாருங்க.”

எழுந்து வந்தார். அன்றைக்கு ஒரேயொரு கட்டையை வைத்தார். வைத்து முடிப்பதற்குள் நெற்றி வியர்த்துவிட்டது.

ஈஸ்டருக்கு முன்பே கிரேன் எழுந்து நின்றது. மோட்டாரைப் போட்டால் கயிறு இறங்கிக் கொக்கி ஆடியது. ரெம்யா கைதட்டினாள். சத்தியதாஸ் மட்டும் தலையை ஆட்டி, “என்க்க கிரேன் இப்பிடி இல்ல” என்றார்.

“பின்னே எப்பிடி?”

சொல்ல வார்த்தை வரவில்லை. பென்சிலைக் கொடுத்தாள், கோடு எங்கோ போனது. கோபத்தில் கண் கலங்கிவிட்டது அவருக்கு.  ரத்னாபாய் இத்தனை மாதம் பாடுபட்டுக் கட்டியதைப் பிரித்துத் தரையில் கொட்டினாள்.

“நான் கட்டுதேன். தப்புண்ணா தலைய ஆட்டுங்க, போதும்.”

இரண்டு முக்காலிகளைத் தள்ளிப் போட்டு, அவற்றின் விளிம்பில் தண்டவாளம் மாதிரி நீளக் கட்டைகளை வைத்தாள். குறுக்கே ஒரு பாலம். பாலத்தின் மேல் ஓடுகிற வண்டி, அதிலிருந்து கொக்கி. அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டி, பல தடவை பிரிக்கவைத்து, கடைசியில் பெட்டி போன்ற ஒரு சின்னக் கட்டையைத் தன் கையாலேயே எடுத்தார். பாலத்தின் அடியில், ஓர் ஓரமாகத் தொங்கவிட்டார்.

“இதென்ன, கூடா?”

“நான்” என்றார்.

கூரையை ஒட்டிய அந்தக் கூட்டுக்குள் உட்கார்ந்துதான் அவர் இத்தனை வருஷம் இரும்பை நகர்த்தினார் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. ஏணி எங்கே, காற்று வருமா, தண்ணீர் குடிக்க என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“சோறு எங்க இருந்து தின்னிய?”

“அங்கதான். இறங்க நேரம் இல்ல.”

“அந்த ஆட்டத்திலயா?”

அவர் சிரிக்கத் தொடங்கினார். கோணிய வாயோடு விட்டு விட்டுச் சொன்னார். கல்யாணமான புதிதில் அவள் கொடுத்துவிட்ட மீன்கறி கிரேன் குலுங்கியதில் கவிழ்ந்து, பலகை இடுக்கு வழியாக ஒழுகி, கீழே நின்ற சூப்பர்வைசரின் வெள்ளைச் சட்டையில் விழுந்ததாம்.

ரத்னாபாய் சிரிக்கவில்லை. “அதுக்காவா கறி வேண்டாம், காய்த் துவரன் மட்டும் வையிண்ணு சொன்னிய?”

“ஆமா.”

“என்க்க கறி உங்களுக்குப் பிடிக்காதுண்ணு நான் நெனச்சிட்டு இருக்கேன், இத்தனை வருசமா.”

“ராத்திரி ரெண்டு மட்டம் ஊத்தித் தின்னேனே. பாக்கல்லியா?”

அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் நிற்கவில்லை. பிளவுஸ் வாங்க வந்த பெண் வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டாள்.

சரோஜம் ஒவ்வொரு லீவுக்கும் ஒரு பெட்டி கொண்டுவருவது வழக்கமாயிற்று. மண் தோண்டும் யந்திரம், சுரங்கத்தில் ஓடுகிற ராட்சத லாரி. டெக்னோபார்க்கில் வேலை கிடைத்ததும் ரெம்யா முதலில் வாங்கிக் கொடுத்தது, கார் தொழிற்சாலையில் வெல்டிங் செய்கிற எந்திரக் கையின் மாதிரி. தங்கள் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளைப் பரணில் ஏற்றிவிட்டு ரத்னாபாய் கண்ணாடி அலமாரியில் யந்திரங்களை அடுக்கினாள். சபையிலிருந்து ஜெபத்துக்கு வருகிறவர்கள் முதலில் அலமாரியைப் பார்த்துவிட்டுத்தான் பாட்டுப் புத்தகத்தைத் திறப்பார்கள். சத்தியதாஸின் கை முழுதாகச் சரியாகவில்லை. பெரிய கட்டைகள் அவருக்கு, பொடிசுகள் அவளுக்கு என்று ஆகிவிட்டது. எந்தச் சக்கரம் எதைச் சுழற்றும் என்பதில் தினமும் சண்டை. பேச்சு தெளிந்ததே அந்தச் சண்டையில்தான் என்று ரெம்யா சொல்வாள்.

இரண்டாயிரத்து ஆறில் ரத்னாபாய் அவரைக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் போனாள். கன்டெய்னர் தூக்குகிற நிஜ கிரேன்களைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத்தான் ஆசை. எர்ணாகுளம் ஜெட்டியில் போட் ஏறி, சத்தியதாஸை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, அவர் கைத்தடியைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தண்ணீருக்கு அப்பால் கிரேன்கள் வரிசையாக நின்றன. மேலே, கண்ணாடிக் கூண்டு ஒன்று பெட்டியோடு மெல்ல நகர்ந்து போனது.

“அது நல்ல ஒசரம். எனக்கானா பேடிச்சிருக்கும்” என்றார் அவர்.

“பயமா, உங்களுக்கா?”

“ஆலையிலயும் முதல்ல கொஞ்ச நாள் பேடிதான். ஒன்கிட்ட சொல்லல்ல.”

ரத்னாபாய் தடியை நகர்த்தி வைத்துவிட்டு அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகரையில் எல்லாரும் இறங்கிப் போனார்கள். அவர்கள் கவுண்டருக்கு வந்து, திரும்பிப் போகிற அதே போட்டுக்கு டிக்கெட் எடுத்து, இந்த முறை கிரேன்கள் இன்னும் கிட்டத்தில் தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தார்கள்.